லோ கார்ப் சாப்பாட்டில் இனிப்பு ஆசை: கடல்பாசி நின்றது, பர்பி நிற்கவில்லை

சர்க்கரைக்குப் பதில் எரித்ரிட்டால் என்ற இனிப்புத் தூள் போட்டுச் செய்த கடல்பாசி (அகர் அகர், சைனா கிராஸ் என்றும் சொல்வார்கள்) மூன்று நாள் ஃப்ரிட்ஜில் இருந்தும் மணல் தட்டவில்லை. வெட்டிய ஓரம் உடையவில்லை, தட்டில் தண்ணீர் விடவுமில்லை. அதே எரித்ரிட்டாலில் கிளறிய தேங்காய் பர்பியோ மறுநாள் காலையிலேயே மேலே வெள்ளை பூத்து, கடித்தால் நறநறவென்று ஆகிவிட்டது. ஏன் ஒன்று நின்றது, ஏன் இன்னொன்று நிற்கவில்லை என்பது பிடிபட்டுவிட்டால், லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிற வீட்டில் எந்த இனிப்பைச் செய்யலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பது அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே தெரிந்துவிடும். அரை கிலோ எரித்ரிட்டால் விற்கிற விலையில் இது சின்ன விஷயம் இல்லை.

அரிசியை விட்டவர்கள், இட்லி தோசையைக்கூட விட்டவர்கள், மாலை நாலு மணிக்கு வருகிற இனிப்பு ஆசையில்தான் விழுகிறார்கள். ஆனால் அந்த ஆசைக்கு மருந்து எல்லா நேரமும் இனிப்பு அல்ல. இனிப்புப் பாத்திரத்தை எடுப்பதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டியவை உண்டு. அதனால் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். கணக்கெல்லாம் நாளொன்றுக்கு 50 கிராம் மாவுச்சத்துக்குள் சாப்பிடுகிற பெரியவர்களுக்கானது. மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தையும் எரித்ரிட்டாலையும் கழித்து மீதி வருவதைத்தான் கணக்கில் எடுத்திருக்கிறேன்.

முதலில் குளுக்கோமீட்டர்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு வகை மாத்திரை எடுக்கிறவர்களும் முதலில் இதைப் படிக்க வேண்டும். இனிப்பு வேண்டும் என்று திடீரென்று தோன்றி, கூடவே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு இருந்தால் அது ஆசை அல்ல, ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் டயட்டை ஒதுக்கி வைத்துவிட்டு 15 கிராம் சர்க்கரை, அதாவது தட்டையாக மூன்றரை டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஸ்டீவியாவும் (சீனித்துளசி இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு) எரித்ரிட்டாலும் இந்த நேரத்தில் எதற்கும் உதவாது. மாவுச்சத்தைக் குறைத்துவிட்டுப் பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடர்ந்தால் இப்படித்தான் ஆகும். டயட் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கவே கூடாது. ரத்தச் சர்க்கரை ரொம்ப ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் நிலை, வருகிற ஆபத்து இந்த மருந்துகளில் இருக்கிறது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

உப்பு, பிறகு மதியச் சாப்பாடு

முதல் இரண்டு வாரத்தில் வருகிற ஆசையில் பெரும்பகுதி உப்புக் குறைவோடு சேர்ந்து வருவது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் அதிகமாக வெளியே தள்ளுகிறது. முதல் வாரம் எடை மளமளவென்று குறைவதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். தலைவலி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, ராத்திரியில் கெண்டைக்காலில் பிடிப்பு, எதையாவது தின்ன வேண்டும் போல ஒரு பரபரப்பு எல்லாம் சேர்ந்தே வரும். அந்தப் பரபரப்பை நாக்கு இனிப்பு என்று எடுத்துக்கொள்கிறது.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. நாலு மணிக்கு ஆசை வந்ததும் 50 மில்லி தயிரில் 200 மில்லி தண்ணீர் விட்டுக் கடைந்து, அரை டீஸ்பூன் உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுக் குடித்துவிட்டு 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த மோரில் இருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2 கிராம்தான். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டுக்கால் சூப் இன்னும் நன்றாகக் கேட்கும். 20 நிமிடத்தில் அடங்கினால் அது உப்புப் பசி, இனிப்பு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் இந்த உப்பை மருத்துவர் சொல்லாமல் கூட்ட வேண்டாம்.

அப்படியும் அடங்கவில்லை என்றால் மதியத் தட்டைப் பார்க்க வேண்டும். சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொரியலைக் கூட்டிவைப்பதுதான் வழக்கமாக நடப்பது. முட்டைக்கோஸ் பொரியலும் கீரை மசியலும் இரண்டு முட்டையும் என்றால் புரதம் 15 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். நாலு மணிக்குள் வயிறு காலி. ஒரு வேளைக்கு 25 முதல் 30 கிராம் புரதம் தட்டில் இருக்க வேண்டும். சமைத்த கோழிக்கறி 100 கிராமில் அது வந்துவிடும். மீன் என்றால் 120 கிராம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம் என்று வைத்துக்கொண்டால் நாலு முட்டையோடு கொஞ்சம் பன்னீர். சைவத்தில் பன்னீர் 150 கிராம் தேவைப்படும். இதைச் செய்யாமல் இனிப்பில் மட்டும் தீர்வு தேடினால், எத்தனை கடல்பாசி செய்தாலும் அன்றைக்கே தட்டு காலியாகும்.

அலமாரியில் இருப்பவை

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சம்பழம் நான்கும் நல்லது என்ற பெயரில் வீட்டுக்குள் தங்கிவிடும். வெல்லத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 85 கிராமும், தேனில் 80 கிராமும், காய்ந்த பேரீச்சையில் 70 கிராமுக்கு மேலும் மாவுச்சத்து. வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத இரும்பும் தாது உப்பும் அவற்றில் இருப்பது உண்மைதான். ஆனால் 50 கிராம் கணக்கு வைத்திருப்பவருக்கு அந்த இரும்பு கிடைக்க வேண்டிய இடம் ஈரலும் கீரையும்தான், கருப்பட்டிக் காபி அல்ல.

சுகர் ஃப்ரீ என்று எழுதிய சாக்லேட்டும் பிஸ்கட்டும் வாங்கினால் பின்பக்க எழுத்தைப் பார்க்க வேண்டும். இனிப்பூட்டியின் பெயருக்குப் பதில் அதன் எண் மட்டும் இருக்கலாம். 965 என்றால் மால்டிட்டால். இது ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை அளவுக்கு இல்லை என்றாலும், பாதிக்கு ஏற்றிவிடும். கூடவே வயிற்றையும் கலக்கும். 420 சார்பிட்டால், இதுவும் வயிற்றைக் கலக்கும். 968 எரித்ரிட்டால், 960 ஸ்டீவியா, 955 சுக்ரலோஸ், 951 அஸ்பார்டேம், 967 சைலிட்டால். நாய் வளர்க்கிற வீட்டில் சைலிட்டாலை வைக்கவே வேண்டாம், சிறு அளவுகூட நாயைக் கொன்றுவிடும். சின்னச் சின்ன பாக்கெட்டில் வரும் ஸ்டீவியா, சுக்ரலோஸ் தூள்களில் இடத்தை நிரப்பப் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) இவற்றில் ஒன்றைச் சேர்க்கிறார்கள். காபிக்கு ஒரு பாக்கெட் என்றால் கவலையில்லை. பாயசத்துக்கு இருபது பாக்கெட் கொட்டினால் அது சர்க்கரைக் கணக்கில்தான் வரும். அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும், அதனால் அடுப்பில் வைக்கும் எதற்கும் ஆகாது.

காபி

100 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் விட்ட ஒரு டம்ளர் காபியில் பாலிலிருந்து 5 கிராம், சர்க்கரையிலிருந்து 8 கிராம். மூன்று வேளை குடித்தால் 39 கிராம் போய்விடுகிறது. நாள் முழுக்கச் சாப்பிட மிச்சம் இருப்பது 11 கிராம். இனிப்பு ஆசையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தக் கணக்கைச் சரிசெய்துவிட வேண்டும்.

சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்துவதைவிட வாரத்துக்கு அரை டீஸ்பூன் குறைப்பது நிலைக்கிறது. நாலு வாரத்தில் பூஜ்யம். இந்த நாலு வாரத்துக்குச் சிக்கரி குறைந்த தூள் வாங்குவது நல்லது. சிக்கரி கூடக் கூட டிகாஷன் கெட்டியாகிறது, கசப்பும் கூடுகிறது, கசப்பு சர்க்கரையைக் கேட்கிறது. 10 சதவீதச் சிக்கரிக்கு மேல் போகாத தூளில் சர்க்கரை இல்லாத காபி குடிக்கும்படியாக இருக்கும்.

பாலின் இடத்தில் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் கிரீம் 30 மில்லி, வெந்நீர் 60 மில்லி, கெட்டி டிகாஷன் 40 மில்லி. மாவுச்சத்து ஏறக்குறைய 1 கிராம். கிரீமை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே சுடுகிற டிகாஷனில் ஊற்றினால் மேலே எண்ணெய்ப் பொட்டு மிதக்கும். கிரீமை முதலில் வெந்நீரில் கலந்து சூடாக்கி, பிறகு டிகாஷனை விட்டு, டபராவில் நான்கைந்து முறை ஆற்றினால் சேர்ந்துவிடும். நுரையும் வரும்.

காபியில் ஸ்டீவியா வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தினம் மூன்று முறை நாக்குக்கு இனிப்பு காட்டிக்கொண்டே இருந்தால் ஆசை குறைகிற வழியே அடைபட்டுவிடுகிறது. மாற்று இனிப்பை வாரத்துக்கு ஒரு இரண்டு முறை, செய்து சாப்பிடுகிற பண்டத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டும்.

தராசும் ஸ்டீவியா தண்ணீரும்

இரண்டு தராசு வேண்டும். 1 கிராம் துல்லியத்தில் 5 கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்று, 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்று. இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டாவது இல்லாமல் ஸ்டீவியாவைத் தொடவே வேண்டாம். கலப்பில்லாத ஸ்டீவியா சாறுத்தூள் சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு இனிப்பு. கண்ணளவில் ஒரு சிட்டிகை கூடினாலும் அதிமதுரத்தை மென்ற மாதிரி ஒரு கசப்பு நாக்கின் அடியில் தங்கிவிடும். தண்ணீர் குடித்தாலும் போகாது.

அதனால் அரை கிராம் தூளை 100 மில்லி கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். டீஸ்பூனுக்கு டீஸ்பூன் என்பதால் கணக்கு தடுமாறாது. ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி இனிப்பு வேறுபடும். புதுப் பாக்கெட் பிரித்ததும் அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் விட்டு, பக்கத்தில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரை வீட்டில் வேறு யாரையாவது ருசிபார்க்கச் சொல்லி ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எரித்ரிட்டால் சர்க்கரையில் 60 முதல் 70 சதவீத இனிப்பு. அதை மட்டும் போட்டு இனிப்பு வரவைக்க வேண்டும் என்றால் 100 கிராம் சர்க்கரைக்கு 150 கிராம் போட வேண்டிவரும். விலையும் கட்டாது, வயிறும் தாங்காது. ஸ்டீவியா மட்டும் போட்டால் கசப்பு. தேவையான இனிப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலே எரித்ரிட்டாலிலும் மீதி ஸ்டீவியா தண்ணீரிலும் கொடுத்தால் இரண்டின் குறையும் தெரிவதில்லை. ஒரு சிட்டிகை உப்பும் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் ஏலக்காயும் மிச்சக் கசப்பை அமுக்கிவிடும்.

பாகு ஏன் வரவில்லை

அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம் கரையும். எரித்ரிட்டால் 37 கிராம்தான் கரையும். இந்த ஒரு எண்ணில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பர்பி கிளறும்போது நடப்பது என்ன? தேங்காய்த் துருவல் 200 கிராம், எரித்ரிட்டால் 150 கிராம், தண்ணீர் 60 மில்லி. அடுப்பில் கொதிக்கும் வரை எல்லாம் கரைந்து பளபளவென்று இருக்கும். ஒற்றைக் கம்பிப் பதத்துக்குக் காத்திருந்தால் அது வரவே வராது. சர்க்கரைப் பாகுக்கு இருக்கிற பிசுக்கு இதற்குக் கிடையாது, பழுப்பு நிறமும் ஏறாது. வராத பதத்துக்காக அடுப்பில் வைக்க வைக்கத் தண்ணீர் வற்றுகிறது. தட்டில் கொட்டி ஆறியதும், மிஞ்சிய தண்ணீர் தாங்க முடிந்தது போக மற்ற எரித்ரிட்டால் அத்தனையும் படிகமாகத் திரும்பி வருகிறது. முதலில் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும், ராத்திரிக்குள் மேல் முழுக்கப் பரவும். நெய்யைக் கூட்டினாலும் சரி, கடைசியில் கிரீம் சேர்த்தாலும் சரி, மாற்றம் இல்லை. நெய்யில் எரித்ரிட்டால் கரையாது.

ஆகவே எரித்ரிட்டாலுக்கு இரண்டு இடம்தான் உண்டு. ஒன்று, அது முழுக்கக் கரைந்தே இருக்கும்படி தண்ணீர் நிறைய உள்ள பண்டம்: கடல்பாசி, தேங்காய்ப்பால் பாயசம். மற்றொன்று, அது கரையவே வேண்டாத உலர்ந்த பண்டம்: நைசாகப் பொடித்துச் சேர்க்கும் லட்டு. நடுவில் இருக்கிற அல்வா, பர்பி, மைசூர்பாகு, அதிரசம், ஜீராவில் ஊறும் குலாப் ஜாமூன் எல்லாம் சர்க்கரையின் பாகை நம்பி நிற்பவை. இனிப்பை மாற்றினால் உருவமே போய்விடும். அதிரசத்திலும் மைசூர்பாகிலும் மாவே மாவுச்சத்து என்பதால் அவை எப்படியும் இந்தக் கணக்குக்குள் வராது.

பால் திரட்டுவதில் வேறொரு பள்ளம் இருக்கிறது. சர்க்கரை போடாத பாசுந்தி, சர்க்கரை போடாத திரட்டுப்பால் என்று நம்பிக்கையோடு செய்கிறார்கள். ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 48 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அதைக் கால் லிட்டராகச் சுண்டக் காய்ச்சினாலும் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், அந்த 48 கிராமும் அடியிலேயே இருக்கும். ஒரு கிண்ணம் பாசுந்தி ஒரு நாள் கணக்கையே முடித்துவிடும்.

கடல்பாசி

நோன்பு திறக்கும் வீடுகளில் இதைத் தினமும் செய்கிறார்கள், அவர்களுக்குப் பக்குவம் சொல்லித் தர வேண்டியதில்லை. சர்க்கரையை எடுத்துவிட்டுச் செய்யும்போது மாறுகிற இடங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கடல்பாசி இழை 10 கிராம், தண்ணீர் 500 மில்லி, முதல் தேங்காய்ப்பால் 250 மில்லி, எரித்ரிட்டால் 60 கிராம், ஸ்டீவியா தண்ணீர் 30 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் நாலு. நடுத்தரத் தேங்காய் ஒன்றில் 200 கிராம் போலத் துருவல் வரும். அதில் 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்சியில் அரைத்து, துணியில் பிழிந்தால் 250 மில்லிக்குக் கிட்டத்தட்ட வரும். குறைந்தால் பிழிந்த சக்கையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிழிந்து அளவை நிரப்பிக்கொள்ளலாம்.

இழையைக் கத்தரியால் வெட்டி அரை மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு நடுத்தரத் தீயில் 8 முதல் 10 நிமிடம் கொதிக்க விட வேண்டும். கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி இழை போல எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம். இந்தச் சூட்டிலேயே எரித்ரிட்டாலைப் போட்டுக் கரைத்து, வடிகட்டி, அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

தேங்காய்ப்பால் சேர்க்கிற இடம்தான் முக்கியம். கொதிக்கும்போதே ஊற்றினால் பால் திரிந்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்று ஊற்றினால், பால் பட்ட இடத்திலேயே கடல்பாசி உறைந்து நூல் நூலாகத் திரளும். கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கிவிடும், மறுபடி இளக 85 டிகிரி வேண்டும், அவ்வளவு சூட்டுக்குத் தேங்காய்ப்பாலைக் கொண்டுபோவதும் சரிப்படாது. எனவே பாலைத் தனியாக 45 டிகிரிக்கு, விரல் வைத்தால் இதமாகச் சுடுகிற அளவுக்குச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கடல்பாசித் தண்ணீர் 65 டிகிரிக்கு இறங்கியதும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கி, ஸ்டீவியா தண்ணீர், உப்பு, ஏலக்காய்த் தூள் சேர்க்க வேண்டும்.

உடனே தட்டில் ஊற்றினால் இரண்டு அடுக்காகப் பிரியும்: மேலே வெள்ளையாகக் கொழுப்பு, கீழே கலங்கலான கண்ணாடி. உறைவதற்கு நேரம் ஆவதால் கொழுப்பு மேலே ஏறிவிடுகிறது. 45 முதல் 48 டிகிரி வரும்வரை கிளறிக்கொண்டே இருந்து, அதற்குப் பிறகு ஊற்றினால் பிரிவதற்குள் உறைந்துவிடும். முள் மாதிரிக் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது, இந்த ஒரு படிக்காகவே வாங்கலாம். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் ஊற்றினால் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிக உயரம் நிற்கும். வெளியிலேயே 40 நிமிடத்தில் உறையும். பிறகு இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து 20 துண்டு போடலாம்.

தட்டில் மொத்தத் தண்ணீர் 600 மில்லிக்கு மேல், எரித்ரிட்டால் 60 கிராம். 100-க்கு 10 என்பது 37-க்கு வெகு தூரம் கீழே இருப்பதால் ஃப்ரிட்ஜ் குளிரிலும் படிகம் வரவில்லை. எரித்ரிட்டாலை வாயில் போட்டால் ஜில்லென்று ஓர் உணர்வு வருமே, அதுவும் இதில் இல்லை. படிகம் நாக்கில் கரையும்போது சூட்டை உறிஞ்சுவதால் வருவது அது. இங்கே முன்பே கரைந்துவிட்டது. துண்டு ஒன்றுக்கு மாவுச்சத்து 1 கிராமுக்குள். செலவு துண்டுக்குப் பத்து ரூபாய்க்குள் அடங்கும், தேங்காய் விலையைப் பொறுத்துக் கூடும் குறையும். அதே 10 கிராம் கடல்பாசியை ஒரு லிட்டரில் போட்டுப் பார்த்தால் கிண்ணத்தில் கரண்டியால் எடுத்துச் சாப்பிட நன்றாக இருக்கிறது, துண்டு போட வராது, ஓரம் உதிரும்.

பாதாம் லட்டு

தோலோடு வறுத்து ஆறவைத்த பாதாம் 100 கிராம், உலர்ந்த தேங்காய்த் துருவல் 50 கிராம், எரித்ரிட்டால் 40 கிராம், நெய் 30 கிராம், சுக்குத் தூள் கால் டீஸ்பூன், ஏலக்காய். எரித்ரிட்டாலை ஈரமில்லாத சின்ன ஜாரில் ஒரு நிமிடம் அரைத்து, மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் விட வேண்டும். உடனே திறந்தால் தூள் புகையாய்க் கிளம்பி மூக்கில் ஏறும். மாவுச் சல்லடையில் சலித்து, மேலே நின்றதை மறுபடி அரைக்க வேண்டும். இந்தச் சலிப்பைத் தவிர்த்தால் லட்டு நறநறக்கும். பாதாமை விட்டு விட்டு அரைக்க வேண்டும், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுப் பசையாகிவிடும். நெய்யைக் கைப்பொறுக்கும் சூட்டில் ஊற்றிப் பிடித்தால் 16 வரும். ஒன்றில் மாவுச்சத்து 1 கிராமுக்குள், ஆனால் 75 கலோரி போல இருக்கிறது. பாதாமும் நெய்யும் அல்லவா. எடை குறைக்கிறவர்கள் ஒரு வேளைக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதில் அந்த ஜில்லென்ற உணர்வு கொஞ்சம் இருக்கும், சுக்கு அதற்காகத்தான்.

சிறுகுறிஞ்சான்

கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போது என்ன செய்வது என்பதற்கு நாட்டு மருந்துக் கடையில் ஒரு விடை இருக்கிறது. சிறுகுறிஞ்சான் இலை, சர்க்கரைக்கொல்லி என்ற பெயரும் உண்டு. இலைத் தூள் கால் டீஸ்பூனை நாக்கில் பரப்பி ஒரு நிமிடம் வைத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள். இனிப்பு தெரியாது, பல்லில் மணல் கடிபடுகிற உணர்வு மட்டும்தான். மாம்பழத்தில் புளிப்பு மட்டும் மிஞ்சும். இலையில் இருக்கும் ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை மறைத்துவிடுகின்றன. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். உப்பும் காரமும் வழக்கம்போலத் தெரியும். இலை நல்ல கசப்பு, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இனிப்பு ஜாடியைக் கண்டால் கை தானாகப் போகிற நேரத்துக்கு இது நல்ல உபாயம். தினமும் விழுங்குவது வேறு விஷயம். இது ரத்தச் சர்க்கரையையும் இறக்கக்கூடியது என்பதால் சர்க்கரை மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் சர்க்கரைக்குப் பதில் இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று வழிகாட்டியது. ஸ்டீவியாவும் சுக்ரலோஸும் அதில் அடங்கும். எரித்ரிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் அதில் வரவில்லை, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களும் வரவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள், ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் காட்டினார்கள். 30 கிராம் எரித்ரிட்டால் கலந்த பானம் குடித்தவர்களின் ரத்தத்தில் அதன் அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறியதையும் பதிவு செய்தார்கள். தொடர்பு இருப்பதைக் காட்டிய ஆய்வு அது, எரித்ரிட்டால்தான் காரணம் என்று நிறுவிய ஆய்வு அல்ல. என்றாலும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு எரித்ரிட்டால் பண்டம் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்களுக்கும் வாரத்தில் இரண்டு நாள், ஒரு வேளைக்கு 10 கிராமுக்குள் என்பது என் வரம்பு. கடல்பாசி மூன்று துண்டு சாப்பிட்டாலும் 9 கிராம்தான் வருகிறது.

மற்ற நாட்களில் கொய்யாக்காய் பாதி. நன்கு பழுத்தது வேண்டாம், செங்காய்ப் பருவத்தில் மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுச் சாப்பிடலாம். மென்று முடிக்க நேரம் ஆவதே அதன் பெரிய பலன்.

அடுத்த முறை

கடல்பாசியில் ஸ்டீவியா தண்ணீரை 30 மில்லியிலிருந்து 20 மில்லியாகவும், எரித்ரிட்டாலை 60-லிருந்து 45 கிராமாகவும் இறக்கிப் பார்க்க வேண்டும். காபியில் சர்க்கரையை விட்ட நாக்குக்கு இப்போதைய இனிப்பே கூடுதல். தேங்காய்ப்பாலில் 50 மில்லியைக் குறைத்துவிட்டு இளநீர் வழுக்கை 100 கிராமை அரைத்து விட்டால் கொழுப்புப் பிரிவதும் குறையும் என்று நினைக்கிறேன். வழுக்கை சேர்ந்தால் உறைவது இளகும், அதனால் கடல்பாசியை 12 கிராமாக்க வேண்டியிருக்கும். ஏலக்காய்க்குப் பதில் பன்னீர் ரோஜா இதழைக் கடல்பாசிக் கொதிநீரில் ஊறவைத்து வடிகட்டிப் பார்க்கலாம். எலுமிச்சை மட்டும் வேண்டாம், கடல்பாசியோடு சேர்ந்து கொதித்தால் உறைகிற சக்தியைக் குறைத்துவிடும்.